கம்பியில்லாக் காலம் – 17: வரக்கூடாததைப் பார்த்து வாங்குங்கள்

போன வாரம் ஆன்டெனாவில் நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து சாதனத்துக்குள் ஒரு விரற்கடை நகர்ந்தால், இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் நீளத்தில் ஒரு சில்லு இருக்கும். அதுதான் மல்டிபிளெக்சர். பல அலைவரிசைகள் ஒரே ஆன்டெனாவை ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ள வழி செய்வது அதன் வேலை. ஒரு பேண்டில் அனுப்பும் பாதை, பெறும் பாதை இரண்டையும் பிரிப்பது டூப்ளெக்சர். இரண்டு பேண்டுக்கு நான்கு பாதை என்றால் குவாட்பிளெக்சர், மூன்றுக்கு ஆறு என்றால் ஹெக்ஸாபிளெக்சர். ரவுட்டரோ கார் மோடமோ வடிவமைப்பவர்களிடம் எதை வைத்து இதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டால், முதல் பதில் பெரும்பாலும் "இன்சர்ஷன் லாஸ்" (சில்லு வழியே போகும்போது ஏற்படும் இழப்பு) என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது.

நம் நாட்டு 4ஜி-யில் நிறையப் புழங்கும் 1800 மெகாஹெர்ட்ஸையே எடுத்துக்கொள்வோம். தரநிலையில் அதன் பெயர் பேண்ட் 3. போன் 1710 முதல் 1785 மெகாஹெர்ட்ஸ் வரை அனுப்பும், 1805 முதல் 1880 வரை கேட்கும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. சாதாரணக் கைப்பேசி அதிகபட்சம் 200 மில்லிவாட் அனுப்புகிறது. கோபுரம் தொலைவில் இருந்தால், அதே கணத்தில் வந்து சேரும் சமிக்ஞை ஒரு வாட்டில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குதான் இருக்கும். போவதற்கும் வருவதற்கும் இடையே 2 லட்சம் கோடி மடங்கு வித்தியாசம். தவில்காரர் அடிப்பதை நிறுத்தாமல், மண்டபத்தின் கடைசி வரிசையில் யாரோ கிசுகிசுப்பதையும் கேட்டுச் சொல்ல வேண்டிய நிலை இது.

இங்கே இரண்டு வகைக் கசிவு உண்டு. அனுப்பும் சக்தியே நேராகப் பெறும் பக்கத்துக்குள் நுழைவது ஒன்று. அதை ஓரளவு சமாளிக்கலாம். அதன் அலைவரிசை வேறு என்பதால், உள்ளே வந்த பிறகும் பிரித்துத் தள்ள வழியிருக்கிறது. மற்றொன்று பொல்லாதது. பவர் ஆம்ப்ளிஃபயர், அனுப்ப வேண்டியதோடு கூடவே ஓர் அகலமான இரைச்சலையும் உமிழ்கிறது. அதில் ஒரு பகுதி 1805-க்கு மேலே, பெறும் அலைவரிசையிலேயே விழுகிறது. அது உள்ளே வந்துவிட்டால் சமிக்ஞையையும் அதையும் எந்தச் சில்லாலும் பிரிக்க முடியாது. வாசலிலேயே தடுத்தால்தான் உண்டு.

அந்த இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸுக்கு −130 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் கணக்கு) என்று வைத்துக்கொள்வோம். அறை வெப்பநிலையில் இயற்கையாகவே இருக்கும் இரைச்சல் −174. மல்டிபிளெக்சர் 55 டெசிபெல் தடுத்தால் கசிவு −185-க்கு இறங்கி, இயற்கை இரைச்சலுக்குள் அமுங்கிவிடும். 45 மட்டுமே தடுத்தால் −175. அதாவது, இயற்கை இரைச்சலுக்கு ஏறத்தாழ இணையாக இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோபுரத்துக்கு அருகில் இருப்பவருக்கு இது தெரியாது. ஊர் எல்லையில் இருப்பவருக்கு இணைப்பு அறுந்து அறுந்து போகும். ஆகவே டேட்டாஷீட்டைத் திறந்ததும் முதலில் தேட வேண்டியது இந்தத் தடுப்பைச் சொல்லும் ஐசொலேஷன் எண்ணை. அதிலும் அனுப்பும் அலைவரிசையில் எவ்வளவு, பெறும் அலைவரிசையில் எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இழப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2.5 டெசிபெல் இழப்பு உள்ள சில்லு வழியாக 200 மில்லிவாட் ஆன்டெனாவுக்குப் போக வேண்டுமென்றால், ஆம்ப்ளிஃபயர் 356 மில்லிவாட் தர வேண்டும். மிச்சம் 156 சூடாகப் போகிறது. பேட்டரிக்கு நஷ்டம் என்பது எல்லோருக்கும் புரியும். அந்தச் சூடு சில்லின் அலைவரிசையையே இடம் மாற்றும் என்பதுதான் பலருக்குத் தோன்றாதது.

அதைப் புரிந்துகொள்ள இந்தச் சில்லின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1880-ல் கியூரி சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டார்கள். திடப்பொருளின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் ஓர் அலையை 1885-ல் ரேலே பிரபு கணக்குப் போட்டுக் காட்டினார். நிலநடுக்க ஆய்வாளர்கள் இன்றும் அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். இரண்டையும் பயன்படும் வகையில் இணைத்தவர்கள் பெர்க்லியில் வைட், வோல்ட்மர் என்ற இருவர். 1965-ல் அவர்கள் ஒரு படிகத்தின் மேல் ஒன்றுக்குள் ஒன்று கோத்த உலோக விரல்களைப் பதித்து, மின் அலையை மேற்பரப்பு ஒலியலையாக மாற்றிக் காட்டினார்கள். ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். படிகத்தின் மேல் ஒலியலை ஓடுவது ஏறத்தாழ 4 கிலோமீட்டர். காற்றில் 16 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் 1800 மெகாஹெர்ட்ஸ் அலை, படிகத்தில் 2 மைக்ரான் சொச்சமாகச் சுருங்கிவிடுகிறது. ஃபில்டர்கள் பைக்குள் அடங்கும் அளவுக்கு வந்தது இப்படித்தான். இந்த வகைக்கு சா (SAW) என்று பெயர். ஒலியலையைப் படலத்தின் தடிமன் வழியே ஓடவிடும் பா (BAW) என்ற இன்னொரு வகையும் உண்டு. அமெரிக்காவின் 1900 மெகாஹெர்ட்ஸ் போன்களுக்காக அஜிலென்ட் நிறுவனம் 2001-ல் அந்த வகை டூப்ளெக்சரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அங்கும் அனுப்பும் பக்கத்துக்கும் பெறும் பக்கத்துக்கும் இடையே வெறும் 20 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிதான்.

படிகம் சூடேறினால் அலையின் வேகம் குறையும், ஃபில்டரின் அலைவரிசை கீழே இறங்கும். பழைய பாணி சா ஃபில்டரில் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 40 பங்கு வரை இறக்கம் இருக்கும். 25 டிகிரியிலிருந்து 85-க்குப் போனால் 1785 மெகாஹெர்ட்ஸில் அது 4 மெகாஹெர்ட்ஸைத் தாண்டுகிறது. இருக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே காலி. பெறும் ஃபில்டர் கீழே சரிந்து அனுப்பும் பக்கத்தை நெருங்குகிறது, தடுப்பு பலவீனமாகிறது. அனுப்பும் ஃபில்டரும் சரிவதால் 1780-களில் இழப்பு ஏறுகிறது, இழப்பு ஏறினால் சூடு ஏறுகிறது. மேலே சிலிக்கான் டை ஆக்சைடு பூசிய சா ஃபில்டரிலும் பா ஃபில்டரிலும் இந்தச் சரிவு கணிசமாகக் குறைவு. விலை கூடுதல். வீட்டுக்குள் நிழலில் இருக்கும் ரவுட்டருக்கு முடிந்தவரை பேரம் பேசலாம். சித்திரை வெயிலில் நிறுத்தி வைக்கும் காருக்குள் போகும் மோடத்துக்குப் பேரம் பேசக் கூடாது.

எத்தனை பேண்டை ஒரே சில்லில் அடக்குவது? இந்தக் கேள்விக்கு விளம்பரத் தாள் எப்போதும் "அதிகம்" என்றே பதில் சொல்லும். நான் முதலில் கேட்பது வேறு: இரண்டு பேண்டும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டுமா? பேண்ட் 1, பேண்ட் 3 இரண்டையும் சேர்த்து வேகத்தைக் கூட்டும் கேரியர் அக்ரிகேஷன் வேண்டுமென்றால் குவாட்பிளெக்சர் தேவை, ஏனென்றால் ஸ்விட்ச் ஒரு சமயத்தில் ஒரு வழியைத்தான் திறக்கும். மின்சார மீட்டருக்குள் போகும் கேட்-1 என்ற எளிய 4ஜி வகை மோடம் அந்த வித்தை எதையும் செய்வதில்லை. அதற்குத் தனித்தனி டூப்ளெக்சரும் ஒரு ஸ்விட்சும் போதும். நேரோபேண்ட் ஐஓடி சாதனம் அனுப்பும்போது கேட்பதே இல்லை, அதற்கு டூப்ளெக்சரே வேண்டாம். தேவையில்லாமல் குவாட்பிளெக்சரை வைத்தால் காசு மட்டும் போவதில்லை. நான்கு ஃபில்டர்களை ஒரு முனையில் இணைக்கும்போது, ஒவ்வொன்றும் மற்ற மூன்றின் அலைவரிசையில் அங்கே இல்லாதது மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அது முழுமையாக நடக்காது. தனியாக இருந்தபோது இருந்ததைவிடச் சற்று அதிக இழப்போடுதான் அவை கூட்டுக் குடித்தனம் நடத்தும்.

சிலவற்றைச் சேர்க்கவே முடியாது. பேண்ட் 5 கேட்பது 869 முதல் 894 வரை. பேண்ட் 8 அனுப்புவது 880 முதல் 915 வரை. 880-க்கும் 894-க்கும் இடையே ஒன்றின் காதில் மற்றொன்றின் வாய். இவற்றை ஸ்விட்சால் பிரித்து வைப்பதே வழக்கம்.

2022 அக்டோபரில் இங்கே 5ஜி தொடங்கியபோது ஜியோ தனித்த 5ஜி-யோடு வந்தது. ஏர்டெல் 4ஜி-யின் துணையோடு இயங்கும் முறையைத் தேர்ந்தெடுத்தது. இந்த இரண்டாவது முறையில் போன் 4ஜி-யையும் 5ஜி-யையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த 4ஜி இணைப்பு பேண்ட் 3-ல் அமைந்தால் கணக்கைப் பாருங்கள். 1710–1785-ஐ இரட்டித்தால் 3420–3570. ஆம்ப்ளிஃபயர் தன் அலைவரிசையின் இரட்டிப்பையும் கொஞ்சம் உமிழாமல் இருப்பதில்லை. அந்த இரட்டிப்பு வந்து விழுவது 5ஜி-க்காக ஏலம் விட்ட 3300–3670 மெகாஹெர்ட்ஸின் நட்டநடுவில். 1800 பேண்டில் குறையே சொல்ல முடியாத டூப்ளெக்சர், 3500-ல் எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்காமல் வாங்கினால், 4ஜி பேசும்போது 5ஜி செவிடாகும். ஒலியலை ஃபில்டர்களும் ஸ்விட்சும்கூடத் தம் பங்குக்குச் சிறிது இரட்டிப்பை உண்டாக்கும். எனவே ஆம்ப்ளிஃபயரை மட்டும் திட்டிப் பயனில்லை.

பேண்ட் 40 இன்னொரு கதை. 2300–2400 மெகாஹெர்ட்ஸ். அனுப்புவதும் பெறுவதும் மாறி மாறி நடப்பதால் டூப்ளெக்சர் வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தால், வைஃபை 2400-லேயே தொடங்குகிறது. ஒரே பெட்டிக்குள் இரண்டும் இருக்கும் ரவுட்டரில் இடைவெளி என்று சொல்ல எதுவுமே இல்லை. சரிவு மிகச் செங்குத்தான பா ஃபில்டரை வைப்பார்கள். அப்படியும் எல்லையோரச் சேனல்களை ஒரே நேரத்தில் ஓட்டாமல் மென்பொருள் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கோபுரத்துக்குப் போனால் இதே பிரச்சினை உருவத்தில் பெரிதாகிறது. அங்கே சில்லு தாங்காது. வெள்ளி பூசிய உள்ளறைகள் கொண்ட அலுமினியப் பெட்டிகள்தான் ஃபில்டர். 925 மெகாஹெர்ட்ஸிலும் 960-லும் இரண்டு சமிக்ஞைகள் சேர்ந்து போகும்போது, வழியில் ஒரு தளர்ந்த இணைப்போ துருவோ இருந்தால் இரண்டும் கலந்து 890-ல் ஒரு புதிய சமிக்ஞை பிறக்கும். பேண்ட் 8-ல் கோபுரம் கேட்கும் அலைவரிசை அது. பிறந்தது பெறும் பேண்டுக்குள்ளேயே என்பதால் உலகின் எந்த ஃபில்டராலும் அதை எடுக்க முடியாது. அதனால்தான் இந்தப் பெட்டிகளை 20 வாட் சமிக்ஞைகள் இரண்டைச் செலுத்திச் சோதிக்கிறார்கள். சோதனை முடிவு இல்லாத பெட்டியை, விலை எவ்வளவு இறங்கினாலும், ஒரே ஆன்டெனாவில் பல நிறுவனங்களைச் சேர்க்கும் கட்டடங்களுக்குள் மாட்டக் கூடாது.

கடைசியாக டேட்டாஷீட். அதில் "டிபிகல்" என்ற பத்தியைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள். அது 25 டிகிரியில், 50 ஓம் ஆன்டெனாவோடு, நல்ல நாளில் எடுத்த எண். போனைக் கை இறுக்கிப் பிடித்தால் ஆன்டெனா 50 ஓமில் நிற்காது, ஐசொலேஷனும் அந்தப் பக்கத்தில் அச்சிட்டபடி நிற்காது. உத்தரவாதம் தரும் பத்தியை மட்டும், அதிக வெப்பத்தில், பேண்டின் ஓரத்தில் பாருங்கள். பிறகு உற்பத்தியாளரிடம் 85 டிகிரியில் எடுத்த அளவீட்டுக் கோப்பைக் கேட்டு வாங்கி, உங்கள் ஆன்டெனா கையில் பிடித்த நிலையில் காட்டும் அளவீட்டோடு சேர்த்துக் கணினியில் ஓட்டுங்கள். இரண்டு சில்லுகள் விலையில் நெருக்கமாக இருந்தால், அந்த ஓட்டத்தில் 1785-க்கும் 1805-க்கும் இடையே எது குறைவாகக் கெடுகிறதோ அதற்கு ஆர்டர் போடலாம்.

(தொடரும்)