'பறக்கும்' வண்டிகளைக் கணக்கு எடுக்கும் தாத்தா, பாட்டிகள்!

காலை எட்டு மணி.

பாகூர் சாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள். பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று போகிறது. வயல் வேலைக்குப் பெண்கள் வரிசையாக நடக்கிறார்கள். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் அல்லவா பாகூர்? அறுவடைக் காலம் என்றால் சாலையில் பாதியை நெல் பிடித்துக் கொள்ளும்.

திடீரென்று 'விர்'ரென்று ஒரு சத்தம்!

மோட்டார் சைக்கிள் ஒன்று வளைந்து நெளிந்து பறக்கிறது. பிள்ளைகள் சைக்கிளோடு சாலை ஓரத்து மண்ணில் இறங்குகிறார்கள்.

"பாவிப் பயலே! யார் வீட்டுப் பிள்ளைடா நீ?" என்று ஒரு பாட்டி கத்துகிறாள்.

யாரிடம் கத்துவது? வண்டி அடுத்த ஊரைத் தாண்டி விட்டது.

இது பாகூரில் மட்டும் நடப்பது அல்ல. வில்லியனூரிலும் இதே கதைதான். திருக்காமீசுவரர் கோவில் தேர் அசைந்து அசைந்து வரும் ஊர் அது. தேர்த் திருவிழா முடிந்த மறுநாள், அதே ஊரில் கார்கள் அம்பு போலப் பாய்கின்றன.

'எவ்வளவு வேகம்?'

ஊர் மக்கள் சும்மா இருப்பது இல்லை. கொம்யூன் பஞ்சாயத்துக்கு மனு போடுகிறார்கள். போலீஸ் நிலையத்துக்குப் போகிறார்கள்.

"எங்கள் தெருவில் வண்டிகள் ரொம்ப வேகமாகப் போகின்றன, ஐயா!"

"எவ்வளவு வேகம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. "ரொம்ப வேகம்" என்று மறுபடியும் சொல்லலாம். அதற்கு மேல் என்ன சொல்வது?

மற்றக் குற்றங்கள் தடயம் விட்டுப் போகும். ஹெல்மெட் போடாமல் போகிறவனை செல்போனில் படம் பிடிக்கலாம். ஒரே வண்டியில் மூன்று பேர் போனால், படத்தில் மூன்று தலை தெரியும். ஆனால் வேகத்தைப் படம் பிடிக்க முடியாது. 80 கிலோ மீட்டர் வேகத்தில் போன காரைப் படம் எடுத்தால், அது நின்று கொண்டு இருப்பது போலத்தான் இருக்கும்.

டெல்லி போலீசார் 2024-ம் ஆண்டு செப்டம்பரில் 'டிராபிக் பிரகாரி' என்ற செல்போன் திட்டத்தைக் கொண்டு வந்தார்கள். விதி மீறும் வண்டிகளைப் பொது மக்களே படம் பிடித்து அனுப்பலாம். மாதம் தோறும் முதல் பரிசு 50 ஆயிரம் ரூபாய்! நல்ல பரிசுதான். ஆனால் தெருவில் பறக்கிறவனுக்கு அந்தப் படம் எமன் ஆகாது.

அப்படியானால் வேகத்தை எப்படிப் பிடிப்பது? இங்கிலாந்து நாட்டுக் கிராமத்தார் அதற்கு ஒரு வழி வைத்து இருக்கிறார்கள்.

மஞ்சள் சட்டைக்காரர்கள்

அந்த நாட்டில் பல கிராமங்களில் இந்தக் காட்சியைக் காணலாம். சாலை ஓரத்தில் மூன்று பேர் நிற்பார்கள். பளிச்சென்று மஞ்சள் நிற மேல் சட்டை. பெரும்பாலும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற தாத்தா, பாட்டிகள்.

ஒருவர் கையில் சிறிய ராடார் கருவி. வரும் வண்டியை நோக்கிப் பிடித்தால் வேகம் எண்ணாகத் தெரியும். அவர் எண்ணைச் சொல்லுவார். இரண்டாமவர் வண்டியின் நம்பரைப் படிப்பார். மூன்றாமவர் எழுதிக் கொள்வார். நேரம், நம்பர், வண்டியின் நிறம், வேகம். அவ்வளவுதான்!

இவர்கள் போலீஸ்காரர்கள் அல்ல. சம்பளம் கிடையாது. பரிசும் கிடையாது. போலீசார் இவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, எந்த இடத்தில் நிற்கலாம் என்று குறித்துக் கொடுக்கிறார்கள். மரத்தின் பின்னால் ஒளிந்து நிற்கக் கூடாது. வண்டியை மறிக்கக் கூடாது. யாரிடமும் சண்டைக்குப் போகக் கூடாது.

எழுதிய தாள் போலீசாருக்குப் போகும். போலீசார் நம்பரை வைத்து வண்டியின் சொந்தக்காரரைக் கண்டு பிடித்து, கடிதம் போடுவார்கள். 'இன்ன நாள், இன்ன இடத்தில், உங்கள் வண்டி இவ்வளவு வேகத்தில் சென்றது' என்று இருக்கும்.

அபராதம்? இல்லை!

தொண்டர்கள் எடுத்த கணக்கை வைத்து அங்கே அபராதம் போடுவது இல்லை. முதல் முறை கடிதம். மறுபடியும் மாட்டினால் இன்னொரு கடிதம். அதற்கும் அடங்காத ஆள் என்றால் போலீசார் நேரில் போவார்கள். எந்தச் சாலையில், எந்த நேரத்தில் தொல்லை அதிகம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்து விடும். பிறகு அங்கே உண்மையான போலீஸ் கருவி வந்து நிற்கும். அதில் அகப்பட்டால் தப்ப முடியாது.

'வெறும் கடிதத்துக்கு யார் பயப்படுவார்கள்?' என்று தோன்றலாம். கடிதம் வீட்டுக்கு அல்லவா வருகிறது? அதை மனைவி பிரிப்பாள். அல்லது அப்பா பிரிப்பார். அபராதச் சீட்டைவிட அது பெரிய அபராதம்!

அகப்பட்டது யார்?

வெளியூர்க்காரர்கள்தான் நம் ஊரில் பறக்கிறார்கள் என்று எல்லா ஊர்க்காரர்களும் நினைக்கிறார்கள். இங்கிலாந்திலும் அப்படித்தான் நினைத்தார்கள். கணக்கு எடுத்த பிறகு பல ஊர்களில் உண்மை வேறாக இருந்தது. கடிதம் போன விலாசங்களில் பல, அதே ஊர்த் தெருக்கள்! பழகிய சாலை, கண்ணை மூடிக் கொண்டு ஓட்டலாம் என்ற துணிச்சல்.

வில்லியனூர், பாகூர் பக்கத்தில் வெளி வண்டிகளுக்குக் குறைவு இல்லை என்பது உண்மைதான். சனி, ஞாயிறு வந்தால் கடலூர் சாலையில் கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில் வழியாகக் கார்கள் சாரை சாரையாகப் போகின்றன. விழுப்புரம் சாலையிலோ வேடிக்கை இன்னும் அதிகம். வில்லியனூரில் இருந்து மேற்கே போனால் கண்டமங்கலம் தமிழ்நாடு. அதைத் தாண்டினால் திருபுவனை, மதகடிப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி! 'பறக்கும்' ஆசாமி சில நிமிடங்களில் இரண்டு அரசுகளைப் பார்த்து விடுகிறான்.

ஆனால் உட்தெருக்களில் பறப்பது யார்? அது மச்சான் மகனாக இருக்கலாம். எதிர் வீட்டுத் தம்பியாக இருக்கலாம்.

"என்ன மாமா, என் வண்டி நம்பரையே எழுதிக் கொடுத்து விட்டீர்களா?" என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? நம் ஊரில் இதுதான் பெரிய சங்கடம். நாளைக்கு அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டுமே!

இங்கிலாந்துக்காரர்கள் இதற்கு ஒரு விதி வைத்து இருக்கிறார்கள். குறித்துக் கொடுத்த வேகத்தைத் தாண்டிய வண்டி எதுவானாலும் எழுத வேண்டும். எழுதுகிறவருக்கு நம்பர் மட்டும்தான் தெரியும். கடிதம் யாருக்குப் போயிற்று என்று போலீசார் அவரிடம் சொல்வது இல்லை. இருந்தாலும் திட்டும் வசவும் அங்கேயும் உண்டு. மஞ்சள் சட்டையைப் பார்த்ததும் ஹாரன் அடித்துக் கேலி செய்கிறவர்களும், விரலைக் காட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. மஞ்சள் சட்டை கண்ணில் படும் வரை எல்லோரும் யோக்கியர்கள்! மறைந்ததும் மறுபடியும் பழைய குணம். ஆகவே தொண்டர்கள் நாளையும் நேரத்தையும் மாற்றி மாற்றி வருகிறார்கள்.

சிவப்புக் கொடிக்காரன்

மோட்டார் பிறந்த நாளில் இருந்தே இந்தத் தகராறும் இருக்கிறது. 1865-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள். அப்போது ஓடியவை நீராவி வண்டிகள். ஊருக்குள் அவை மணிக்கு 2 மைலுக்கு மேல் போகக் கூடாது. ஊருக்கு வெளியே 4 மைல். வண்டிக்கு முன்னால், சிவப்புக் கொடி பிடித்தபடி ஒரு ஆள் நடந்து போக வேண்டும்!

1896-ம் ஆண்டு ஜனவரியில், வால்டர் அர்னால்டு என்பவர் கென்ட் பகுதியில் மணிக்கு 8 மைல் வேகத்தில் மோட்டார் ஓட்டிப் போனார். சைக்கிளில் வந்த போலீஸ்காரர் துரத்திப் பிடித்தார். வேகத்துக்காக அர்னால்டு கட்டிய அபராதம் ஒரு ஷில்லிங். அன்றைய 8 மைல் என்பது இன்றைய கணக்கில் சுமார் 13 கிலோ மீட்டர். இன்று சைக்கிளில் போகும் பையன்கூட அதைவிட வேகமாகப் போவான்.

அதே ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி, லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி மோட்டார் மோதி இறந்தார். இங்கிலாந்தில் மோட்டார் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான்.

இன்று? இந்தியாவில் 2022-ம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் மாண்டு போனார்கள். நூற்றுக்கு 71 சாவுகளுக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது.

13 மீட்டர், 36 மீட்டர்

"30-ல் போனால் என்ன, 60-ல் போனால் என்ன? பிரேக் நன்றாக இருக்கிறது" என்று பல இளைஞர்கள் சொல்வார்கள்.

இதோ கணக்கு.

குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிறது. கண் பார்த்து, மூளைக்குத் தெரிந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகும். 30 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார் அந்த ஒரு வினாடியில் 8 மீட்டர் ஓடிவிடும். பிறகு பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். ஆக மொத்தம் 13 மீட்டரில் கார் நின்று விடும்.

அதே கார் 60 கிலோ மீட்டர் வேகத்தில் போனால், அந்த ஒரு வினாடியிலேயே 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அதாவது, முதல் கார் நின்று போன இடத்தில், இரண்டாவது கார் பிரேக்கைக்கூடத் தொடவில்லை! அது நிற்க 36 மீட்டர் வேண்டும். இதுவும் நல்ல தார்ச் சாலையில்தான். மழைத் தண்ணீரும் நெல்லும் கிடக்கும் சாலையில் இன்னும் அதிகம்.

ஜனங்கள் நடமாடும் தெருக்களில் 30 கிலோ மீட்டருக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

சட்டம் சொல்வது என்ன?

2018-ம் ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு உச்ச வேக வரம்பை அறிவித்தது. நெடுஞ்சாலை அல்லாத சாதாரண சாலைகளில் காருக்கு 70 கிலோ மீட்டர். மோட்டார் சைக்கிளுக்கு 60. பள்ளிக்கூடத் தெருவுக்கு இது மிக மிக அதிகம். ஆனால், தேவையான இடத்தில் இதைக் குறைத்துப் பலகை வைக்கும் அதிகாரம் அந்தந்த அரசுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே ஊரார் முதலில் கேட்க வேண்டியது, பலகை!

2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி அதிவேகத்துக்குக் கார் போன்ற சிறிய வண்டிகளுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். லாரி, பஸ்களுக்கு 2,000 முதல் 4,000 வரை. 18 வயது ஆகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கு 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. 'என் பையன் எட்டாவது படிக்கிறான், அருமையாக வண்டி ஓட்டுகிறான்' என்று பெருமைப்படும் அப்பாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே சட்டத்தின் 183-வது பிரிவில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 'அவன் வேகமாகப் போனான் என்று எனக்குத் தோன்றியது' என ஒரே ஒரு சாட்சி சொன்னால் போதாது. கருவியால் அளந்து இருக்க வேண்டும். போலீஸ் நிலையத்தில் "எவ்வளவு வேகம்?" என்று கேட்கிறார்களே, அது சும்மா கேட்பது அல்ல.

50 மீட்டர் நூல்

ராடார் கருவிக்குப் பஞ்சாயத்தில் பணம் இல்லை. அதற்காகக் கணக்கு எடுக்க முடியாது என்பது இல்லை.

சாலை ஓரத்தில் 50 மீட்டர் அளந்து கொள்ள வேண்டும். இரண்டு முனையிலும் அடையாளத்துக்கு ஒரு மரமோ, மின் கம்பமோ இருந்தால் போதும். செல்போனிலேயே வினாடி எண்ணும் கடிகாரம் இருக்கிறது. முதல் கம்பத்தை வண்டி தாண்டும்போது தட்டி, இரண்டாவது கம்பத்தில் நிறுத்த வேண்டும். 6 வினாடி ஆனால், வேகம் 30 கிலோ மீட்டர். நாலரை வினாடி என்றால் 40. மூன்று வினாடி என்றால் 60!

கை அரை வினாடி பிசகினால் 60 என்பது 51 ஆகிவிடும். நேரான சாலையாக இருந்தால் 100 மீட்டர் அளந்து கொள்வது நல்லது, பிசகு குறையும். எப்படியும் இந்தக் கணக்கை வைத்து ஒருவர் மீது வழக்குப் போட முடியாது; போடவும் வேண்டாம். ஆனால் மனுவில் எழுதலாம்: 'பள்ளி விடும் நேரத்தில் 100 வண்டிகளைக் கவனித்தோம். அவற்றில் இத்தனை வண்டிகள் 50-க்கு மேல் சென்றன.' பலகை வையுங்கள் என்று கேட்பதற்கும், போலீஸ் கருவியை இந்த இடத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்பதற்கும் இந்த எண்தான் ஆதாரம்.

நிற்கிறவர்கள் சாலையை விட்டுத் தள்ளி, திண்ணையிலோ மரத்தடியிலோ இருந்து கொள்ள வேண்டும். வண்டியைத் துரத்துவது, மறிப்பது, கல்லைப் போடுவது எல்லாம் கூடாது.

ஒரு விபத்து நடந்ததும், ராத்திரியோடு ராத்திரியாக ஊராரே சாலையில் மண்ணைக் கொட்டி மேடு போடுவது உண்டு. அது ஆபத்து. இந்திய சாலைகள் பேரவையின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். உயரம் 10 சென்டி மீட்டர்தான். அதில் 25 கிலோ மீட்டர் வேகத்தில் வண்டி குலுங்காமல் ஏறி இறங்கும். ஒரு முழ அகலத்தில் கூம்பாகப் போட்ட மேட்டிலோ, பிரசவத்துக்கு ஆட்டோவில் போகும் பெண் தூக்கிப் போடப்படுவாள். இருட்டில் வருகிற மொபெட்காரர் தலை குப்புற விழுவார். அவர் வேகமாக வந்தவராக இருக்க வேண்டும் என்பது இல்லை.