கழுத்துக் கருமை... தேய்த்தால் போகாது!

உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பும் நேரத்தில் பல வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். ‘‘கழுத்தைப் பாரு, அழுக்கு அப்பிக் கிடக்கு. நல்லா தேய்ச்சுக் குளின்னு எத்தனை தடவை சொல்றது?’’ பீர்க்கங்காய் நார், கடலை மாவு, எலுமிச்சைத் தோல், பேக்கிங் சோடா என்று ஒவ்வொன்றாக வரும். பிள்ளையின் கழுத்து சிவந்து எரியும். கருமை மட்டும் அப்படியே இருக்கும். காரணம், பெரும்பாலும் அது அழுக்கே இல்லை.

கழுத்தின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தோல் கறுத்து, தடித்து, தொட்டால் வெல்வெட் துணி போல இருக்கிறதா? மருத்துவத்தில் இதற்கு ‘அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்’ என்று பெயர். சிலருக்கு அதே இடத்தில் மரு போன்ற சின்னச் சின்னச் சதைகளும் தொங்கும். இது தொற்றுநோய் அல்ல. சுத்தக் குறைவும் அல்ல.

உள்ளே என்ன நடக்கிறது?

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரையை செல்களுக்குள் அனுப்புவது இன்சுலின். உடல் எடை கூடி, உடலுழைப்பு குறையும்போது செல்கள் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. கணையம் விடாமல் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. ரத்தத்தில் தேங்கும் அந்தக் கூடுதல் இன்சுலின் தோல் செல்களையும் வேகமாக வளரத் தூண்டுகிறது. அதனால்தான் தோல் தடித்துக் கறுக்கிறது.

இந்தக் கட்டத்தில் ரத்தச் சர்க்கரை அளவு இயல்பாகவே இருக்கலாம். அதாவது, சர்க்கரை நோய் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே தோல் தகவல் சொல்லிவிடுகிறது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறார்கள். முன்கூட்டியே கிடைக்கும் இந்தத் தகவலை சோப்பு போட்டு அழிக்கப் பார்ப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

க்ரீம் வாங்கும் முன்...

எலுமிச்சையும் சோடாவும் தோலைப் புண்ணாக்கும். புண் ஆறும்போது இன்னும் கறுக்கும். கடையில் கேட்டு வாங்கும் ‘சிவப்பழகு’ க்ரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், பருக்கள் கிளம்பும், முடி வளரும். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் எதையும் பூச வேண்டாம்.

என்ன பரிசோதனை?

வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஆகிய இரண்டும் அவசியம். எச்பிஏ1சி 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கைக் கட்டம். 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது போன்ற தொல்லைகளும் இருந்தால் பி.சி.ஓ.எஸ். உள்ளதா என்று பார்க்க வேண்டும். சில மருந்துகளாலும் பரம்பரையாலும் கூட இந்தக் கருமை வரலாம். ஒல்லியான நடுத்தர வயதுக்காரருக்குத் திடீரெனத் தோன்றி வேகமாகப் பரவினால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரிதாக, வயிற்றுப் புற்றுநோயின் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

தட்டில் மாற்றம்

காலையில் இட்லி, மதியம் குவித்த சோறு, மாலையில் பப்ஸ், இரவில் தோசை என்றால் நாள் முழுக்க மாவுச்சத்துதான். தட்டில் பாதியைக் காய்கறி, கீரைக்குக் கொடுங்கள். கால் பாகம் சோறு அல்லது சப்பாத்தி. மீதிக் கால் பாகம் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று புரதம். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு பிஸ்கட்டுக்குப் பதில் வேகவைத்த வேர்க்கடலை கொடுக்கலாம். ஜூஸுக்குப் பதில் முழுப் பழம் கொடுக்கலாம். 250 மில்லி கோலா பாட்டிலில் 6 டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

சாப்பிட்டதும் சோபாவில் சாயாமல் 10 நிமிடம் நடக்கலாம். பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு மணி நேர விளையாட்டு தேவை. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தாலும் இன்சுலின் வேலை தடுமாறும். படுக்கப் போகும்போது போன் வேறு அறையில் இருக்கட்டும்.

பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையல், மற்றவர்களுக்கு பரோட்டா என்றால் எதுவும் நடக்காது. வீடே சேர்ந்து மாற வேண்டும்.

எத்தனை நாளாகும்?

எடை கூடியவர்கள் 5 முதல் 10 சதவிகிதம் குறைத்தாலே இன்சுலின் வேலை சீராகத் தொடங்கும். 70 கிலோ இருப்பவருக்கு அது மூன்றரை முதல் 7 கிலோதான். கருமை மெல்லத்தான் குறையும், பல மாதங்கள் ஆகும். வாரா வாரம் கண்ணாடி பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். மாதம் ஒருமுறை இடுப்பளவை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றம் முதலில் அங்கேதான் தெரியும்.

இன்னொன்று... வகுப்பிலும் விசேஷ வீட்டிலும் ‘அழுக்குக் கழுத்து’ என்று கேலி கேட்டே காலர் சட்டைக்குள்ளும் துப்பட்டாவுக்குள்ளும் ஒளியும் பிள்ளைகள் நிறைய பேர். ‘‘இது உன் தப்பில்லைம்மா, சேர்ந்து சரி பண்ணிக்கலாம்’’ என்று வீட்டில் ஒருவர் சொன்னாலே போதும். டாக்டரிடம் கிளம்ப அந்தப் பிள்ளை தயங்காது.