புகையிலை தொடாதவரின் தாடை

புண் இல்லாத புற்று

வாய்ப்புற்று என்றதும் புகையிலை, பாக்கு, கன்னத்தின் உட்புறம் ஆறாத புண் என்றுதான் நம் நினைவு ஓடுகிறது. தவறில்லை, இந்தியாவில் வாய்ப்புற்றின் பெரும்பங்கு அந்தப் பழக்கத்தால் வருவதுதான். அது வாயின் மேல்தோலில் தொடங்கும் கார்சினோமா. வாயிலும் தாடையிலும் வரும் சார்கோமா வேறு இனம். எலும்பு, குருத்தெலும்பு, தசை, கொழுப்பு, ரத்தக்குழாய் ஆகியவற்றில் உருவாகி, உள்ளிருந்து வெளியே வளர்வது. அதனால் தொடக்கத்தில் புண் இருக்காது. வீங்கிய இடத்தின் மேலே ஈறு வழுவழுப்பாகவே இருக்கும். பெரும்பாலோருக்குக் காரணம் தெரிவதில்லை. முன்பு அதே இடத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், சில மரபணுக் கோளாறுகள் உள்ள குடும்பத்தினருக்கும் வாய்ப்பு சற்று அதிகம். ஆக, “பழக்கம் ஏதாவது உண்டா?” என்ற ஒரே கேள்வியால் வாய்ப்புற்றைச் சலித்தெடுக்கப் பார்த்தால், சார்கோமா வந்தவர்கள் எல்லாரும் சல்லடைக் கண் வழியே நழுவிவிடுவார்கள்.

பல்லின் மேல் விழும் பழி

கை, கால் எலும்புகளில் சார்கோமா பெரும்பாலும் பதின்வயதினருக்கு வருகிறது. தாடையிலோ 30, 40 வயதை ஒட்டியவர்களுக்கு. அந்த வயதில் கடைவாய்ப் பக்கம் வீங்கிப் பல் ஆடினால் யாரும் பல்லைத்தான் குற்றம் சொல்வார்கள். மருந்துக்கடையில் ஐந்து நாள் மாத்திரை, வடியாவிட்டால் இன்னொரு ஐந்து நாள், கடைசியில் பல்லையே பிடுங்கிவிடுவது என்று மாதங்கள் கழிகின்றன. ஆனால் நோய் இரண்டு தடயங்களைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பு ஒன்று முகவாய்ப் பக்கம் வெளிவந்து கீழுதட்டுக்கு உணர்ச்சி தருகிறது. கட்டி அதை அழுத்தினால் உதட்டின் ஒரு பாதி, பல்லுக்கு ஊசி போட்டதுபோல மரத்துப்போகும். கடுமையாகச் சீழ் பிடித்தாலும் அப்படி ஆகலாம். ஆனால் வலியும் காய்ச்சலும் இல்லாமல் உதடு மட்டும் மரத்துக் கிடந்தால் அதைச் சொத்தைப்பல்லின் கணக்கில் எழுதக் கூடாது. இன்னொரு தடயம் எக்ஸ்ரேயில் இருக்கிறது. பல்வேரைச் சுற்றி இயல்பாகவே மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு தெரியும். வேரையும் எலும்பையும் பிணைக்கும் நார்கள் இருக்கும் இடம் அது. தாடை எலும்புச் சார்கோமா நோயாளிகள் 56 பேரை ஆராய்ந்து 1967-இல் காரிங்டன் குழுவினர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு, ஓரிரு பற்களைச் சுற்றி மட்டும் அந்தக் கோடு சீராக அகன்றிருப்பது முன்னெச்சரிக்கையாகக் கருதப்படுகிறது. ஈறு நோய் இல்லாமலே பல் ஆடுவது அந்த நார்களின் இடம் இப்படி அகல்வதால்தான்.

அபூர்வம்தானே?

தலை, கழுத்துப் புற்றுகளில் சார்கோமா ஏறத்தாழ 1 சதவீதம். இதற்காக வீங்கிய தாடையை எல்லாம் சந்தேகப்பட முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சந்தேகப்பட வேண்டாம்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வீக்கம் பல்லால் வந்ததாகவே இருக்கட்டும். நான் கேட்பது ஸ்கேன் அல்ல. பல்லைப் பிடுங்கும் முன் ஒரு எக்ஸ்ரே, உதட்டின் உணர்ச்சி பற்றி ஒரு கேள்வி. ஐந்து நிமிட வேலை. தவறவிட்டால் வரும் இழப்போ பெரிது. தாடைச் சார்கோமா மற்ற எலும்புகளில் வருவதைப் போல அவ்வளவு எளிதில் நுரையீரலுக்குப் பரவுவதில்லை. அதே இடத்தில் திரும்ப முளைப்பதே அதன் பெரிய தொல்லை. எனவே சுற்றிலும் நல்ல திசு விளிம்போடு முதல் அறுவையிலேயே முழுக்க எடுத்துவிடுவதில்தான் உயிர் பிழைக்கும் வாய்ப்பு இருக்கிறது. கட்டி பெரிதாகப் பெரிதாக, கண்ணும் மண்டையோட்டின் அடிப்பகுதியும் நெருங்கிவிட, அந்த விளிம்பு கிடைக்காமல் போகிறது.

கத்தி பட்டால் பரவுமா?

சோதனைக்காகத் திசுத் துண்டு (பயாப்ஸி) எடுத்தால் புற்று பரவிவிடும் என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. முறையாகத் திட்டமிட்டு எடுக்கும் சிறு துண்டைவிட, என்னவென்று தெரியாமல் பல்லைப் பிடுங்கி, சீழ் என்று நினைத்துக் கீறிவிடுவதுதான் ஆபத்து. கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்பவர்களுக்கு உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட்டின் கதை போதும். குழந்தைகளின் தாடையில் அசுர வேகத்தில் வளர்ந்த கட்டிகளை அவர் 1958-இல் சார்கோமா என்றே எழுதினார். திசுவை ஆராய்ந்தபோது அது நிணநீர்ப் புற்று என்று தெரிந்தது. மருந்துக்கே கரையும் வகை. குழந்தைகளுக்குக் கண், மூக்கு, காதுப் பக்கம் வரும் தசைச் சார்கோமாவிலும் கீமோதெரபிதான் சிகிச்சையின் முதுகெலும்பு. பெரியவர்களின் தாடைக் கட்டிக்கு அறுவையே முதன்மை. எது என்று தெரியாமல் எதையும் தொடங்க முடியாது.

ஆகவே, ஆடும் பல்லோடு நாற்காலியில் சாயும் முன், “டாக்டர், எக்ஸ்ரே பார்த்துவிட்டு எடுக்கலாமா?” என்று கேளுங்கள். உதடு மரத்திருந்தால் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பல் எடுத்த குழி இரண்டு மூன்று வாரத்தில் ஆறாமல் அதில் சதை வளர்ந்தால், பழைய மாத்திரைச் சீட்டை மறுபடி நீட்டாமல், வாய் முக அறுவைச் சிகிச்சைப் பிரிவு உள்ள பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே போய்விடுங்கள்.