குமிழைத் திருகினால் நிறம் மாறும் விளக்கு

வால்யூம் குமிழைத் திருகத் திருகப் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும் விளக்கு வைக்க முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். முடியும். புரோகிராம் எழுதத் தேவையில்லை. மூன்று கால் சிவப்பு-பச்சை எல்இடி, 1 கிலோ ஓம் லீனியர் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்), 330 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 5 வோல்ட் சப்ளை போதும். குமிழ் தன் பழைய வேலையையும் பார்க்க வேண்டுமானால், ஒரே தண்டில் இரண்டு பாட் அடுக்கியதாக வாங்குங்கள்.

பலர் பாட்டின் நடுக்காலைப் பிளஸ்ஸில் கொடுத்து, இரு முனைகளையும் ரெசிஸ்டர் வழியாக எல்இடிக்குக் கொண்டுபோவார்கள். அதில் ஒரு குறை: குமிழைக் கடைசிவரை திருகினாலும் அணைய வேண்டிய நிறத்துக்கு 2 மில்லி ஆம்பியருக்கு மேல் கசியும். சிவப்பில் பச்சை கலந்தே தெரியும்.

எனக்குப் பிடித்தது வேறு வழி. ஒவ்வொரு நிறத்துக்கும் பிளஸ்ஸிலிருந்து ஒரு ரெசிஸ்டர். பாட்டின் இரு முனைகளும் அந்த இரண்டு நிறக் கால்களில். பாட்டின் நடுக்காலும் எல்இடியின் பொதுக் காலும் மைனஸில். வயலுக்குப் போகும் தண்ணீரை வடிகாலில் திறந்துவிடுவதுபோல, குமிழ் எந்தப் பக்கம் போகிறதோ அந்த நிறத்தின் மின்சாரம் பாட் வழியே வடிந்துவிடும். அந்த நிறம் சுத்தமாக அணையும். எதிர்ப் பக்கத்துக்குச் சுமார் 7 மில்லி ஆம்பியர் கிடைக்கும். நடுவில் இரண்டுக்கும் ஐந்தைந்து.

அந்த நடுவில்தான் அதிசயம். விளக்கு மஞ்சளாகத் தெரியும். ஆனால் மஞ்சள் ஒளி தரும் சில்லு உள்ளே கிடையாது. அருகருகே உள்ள சிவப்பும் பச்சையும் நம் கண்ணின் கூம்புச் செல்களை ஒருசேரத் தூண்ட, மூளைதான் அதை மஞ்சளாக்குகிறது. பால்நிற மூடியுள்ள எல்இடி வாங்குங்கள். கண்ணாடிபோல் தெளிவான மூடியென்றால் கிட்டத்தில் சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் தனித்தனியே தெரிந்து, மஞ்சள் கலைந்துவிடும்.

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. நம் ஊரிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இருந்தும் சார்ஜர் முதல் மருத்துவக் கருவி வரை, ஒரே புள்ளியில் சிவப்பும் பச்சையும் காட்டிவிட்டு வேலை முடிந்ததென்று விட்டுவிடுகிறார்கள். வாங்குகிற எல்லாருக்கும் ஒரே கண் என்று நினைப்பது பெரிய அலட்சியம். நீங்களாவது குமிழில் ஒரு கோடு போட்டு, சுற்றிலும் எண்களை எழுதுங்கள். பச்சைக்குப் பதில் நீலம் உள்ள எல்இடி கிடைத்தால் இன்னும் நல்லது. நீலத்துக்கு 3 வோல்ட் வரை வேண்டும். அந்தப் பக்கத்து ரெசிஸ்டரை மட்டும் 220 ஓமாக மாற்றினால் போதும்.