மருந்துக்கு இடம் கைப்பையில்: புதுச்சேரியிலிருந்து பிரான்சு செல்லும் முதியோர் கவனத்திற்கு

ஒரு நாள் நீளும் பயணம்

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்த காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று பிரான்சில் வேரூன்றியுள்ளனர். அவர்களைக் காணச் செல்லும் முதியோரும், உள்ளூரில் சொல்தா என்று அழைக்கப்படும் பிரெஞ்சுப் படை ஓய்வூதியரின் குடும்பத்தாரும் பாரிசுக்குச் சென்று வருவது இந்நகரில் வழக்கமாகிவிட்டது. இலாசுப்பேட்டை விமான நிலையத்திலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடிச் சேவை இல்லாமையால், அவர்கள் முதலில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் சாலையில் கடந்து மீனம்பாக்கத்தை அடைய வேண்டும்; அதன்பின் விமான நிலையக் காத்திருப்பு, பத்து மணி நேரம் அளவிலான பறப்பு, வளைகுடா நகரொன்றில் விமானம் மாறுவோருக்கு அதற்கும் மேற்பட்ட நேரம் என்று சேர்ந்து, வீட்டு வாசலிலிருந்து பிள்ளைகளின் வாசல் வரை ஏறக்குறைய ஒரு முழு நாள் கழிகிறது.

அந்த நாள் முழுவதும் பயணியின் கைக்கு எட்டுவது கைப்பை ஒன்றே. பெட்டியில் பொடி வகைகளுக்கும் புடவைகளுக்கும் இடம் பார்த்த பிறகு எஞ்சிய மூலையில் மருந்துகளைச் செருகும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. உடலால் தள்ளிப்போட முடியாத தேவைகளுக்கே கைப்பையில் முதல் இடம் என்று இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றுவதே நலம் தரும்.

விமானத்தினுள் உடலுக்கு நேர்வது

விமானம் உயரே பறக்கும்போது பயணியர் அறையின் காற்றழுத்தம், கடல் மட்டத்துக்கு மேல் 6,000 முதல் 8,000 அடி வரை உயர்ந்த ஒரு மலையில் இருப்பதற்கு நிகராகக் குறைகிறது. இதனால் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சற்றுத் தாழ்வதை நலமான உடல் உணர்வதில்லை என்றாலும், இதய நோயும் நுரையீரல் நோயும் உள்ளவர்களுக்கு அது மூச்சிரைப்பைத் தரலாம் என்பதால் அவர்கள் பயணத்துக்கு முன் மருத்துவரின் ஒப்புதலைப் பெறுவது அவசியம். அறையின் ஈரப்பதமும் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழ் இருப்பதால் தொண்டையும் கண்களும் வறளுகின்றன. காலியான தண்ணீர்ப் புட்டியைக் கைப்பையில் வைத்துப் பாதுகாப்புச் சோதனை முடிந்தபின் நிரப்பிக்கொள்வது இதற்கு எளிய வழி.

நெடுநேரம் காலைத் தொங்கவிட்டு அசையாமல் அமர்ந்திருப்பதால் காலின் உட்புறச் சிரைகளில் இரத்தம் உறைவது ஆழ்சிரை இரத்த உறைவு எனப்படும். அவ்வுறைவின் துண்டு நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இந்த வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்றும், ஆயினும் நலமானவர்களில் அது சுமார் 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே உள்ளது என்றும் கண்டது. முன்பே உறைவு ஏற்பட்டவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோர் மருத்துவர் பரிந்துரைத்தால் அழுத்தக் காலுறையை அணிந்து செல்லலாம். மற்றவர்களுக்கு அவ்வப்போது எழுந்து நடப்பதும் கணுக்காலைச் சுழற்றுவதும் பொதுவாகப் போதுமானவை.

இன்சுலினும் நேர மாற்றமும்

பெரிய பெட்டிகள் செல்லும் சரக்குப் பகுதியில் வெப்பநிலை மிகவும் தாழக்கூடும். ஒருமுறை உறைந்த இன்சுலின், பின்னர் இளகித் தெளிவாகத் தோன்றினாலும், பயன்படுத்தத் தக்கதன்று. எனவே இன்சுலின் முழுவதும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். குளிரைப் போலவே கோடை வெப்பமும் அதைக் கெடுக்கும் என்பதால், மே மாதத்தில் சென்னை செல்லும் வழியில் உணவுக்காக இறங்கும் நேரத்திலும் பூட்டிய காரில் மருந்துப் பையை விட்டுச் செல்லலாகாது. குளிர்காப்புப் பையைப் பயன்படுத்துவோர், உறைந்த ஜெல் பொதியில் இன்சுலின் நேரடியாகப் படாமல் இடையில் துணியைச் சுற்ற வேண்டும்.

பிரான்சின் நேரம் கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நான்கரை மணியும் இந்திய நேரத்துக்குப் பின்தங்கியிருப்பதால், செல்லும் நாள் நீண்டும் திரும்பும் நாள் குறுகியும் அமைகின்றன. இரு நாட்களுக்குமான ஊசி அளவையும் வேளையையும் மருத்துவரிடம் முன்னதாகவே எழுதி வாங்குவது நல்லது. விமான உணவு தாமதமாகும்போது சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்ந்தால் கொடுக்க வேண்டிய குளுக்கோஸ், பிஸ்கட், சர்க்கரை அளவுமானி ஆகியவை உடனே எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

எத்தனை நாள் மருந்து?

1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, ஒப்படைத்த பெட்டி வந்து சேர வேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் கடந்தும் வராவிட்டால் அது தொலைந்ததாகக் கருதி உரிமை கோரலாம்; ஆகவே மூன்று வாரத்துக்கான மாத்திரைகளையேனும் கைப்பையில் வைப்பது பொருத்தமான அளவு. இரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு ஆகியவற்றுக்கான மருந்துகளை ஒரு வேளைகூடத் தவறவிடாமல் இருக்க இது உதவும். மூச்சிரைப்பு நோயாளியின் இன்ஹேலரும், நெஞ்சுவலி வந்தால் நாவின் கீழ் வைக்கும் மாத்திரையும் தலைக்கு மேலுள்ள அடுக்கில் வைக்கப்படாமல் இருக்கையின் அருகிலேயே இருப்பது முக்கியம்.

மாத்திரைகளை அட்டையோடு எடுத்துச் செல்வதும், மருந்தின் வணிகப் பெயரோடு அதன் பொதுப்பெயரையும் குறித்த மருத்துவர் சீட்டைச் சேர்த்து வைப்பதும் சோதனையிலும் சிகிச்சையிலும் உதவும். இங்கே டோலோ என்றும் அங்கே டோலிப்ரான் என்றும் விற்கப்படுபவை இரண்டும் பாரசிட்டமாலே என்பதை அறியாமல் இரண்டையும் சேர்த்து உட்கொண்டால் அளவு மிகுந்து கல்லீரல் பாதிக்கப்படும்.

சோதனையும் சட்டமும்

2006-இல் இலண்டனில் முறியடிக்கப்பட்ட திரவ வெடிபொருள் சதிக்குப் பின், கைப்பையில் ஒரு கலத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி உலகெங்கும் பரவியது. பயணத்தின்போது தேவைப்படும் மருந்துகளுக்கும் குழந்தை உணவுக்கும் இதில் விலக்கு உண்டு என்றாலும், அவற்றைத் தனியே எடுத்துக் காட்ட வேண்டும். சீட்டில்லாத கஷாயம், தைலம், லேகியம் ஆகியவற்றுக்கு அந்த விலக்கை எதிர்பார்க்க இயலாது. வளைகுடாவில் தங்கிச் செல்வோர், டிரமடால், கோடீன் போன்ற வலிநீக்கிகள் அங்கே கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என்பதையும், நம் சமையலறைக் கசகசாகூட ஐக்கிய அரபு அமீரகத்தில் தடைசெய்யப்பட்டது என்பதையும் புறப்படும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

பையை அடுக்கும் முறை

மருந்து, சீட்டு, மூக்குக்கண்ணாடி, காதுக்கருவியின் மின்கலம் ஆகிய அனைத்தையும் ஒரு சிறு உறையில் இட்டுக் கைப்பையின் மேற்புறத்தில் வைப்பது சிறந்தது. மேலடுக்கில் இடமில்லை என்று விமான வாசலிலேயே கைப்பையைச் சரக்குப் பகுதிக்கு அனுப்பும்படி பணியாளர் கேட்பது உண்டு. அப்போது அவ்வுறையை மட்டும் உருவிக்கொண்டு ஏறலாம். உறையில் என்ன இருக்கிறது, எதை எப்போது கொடுக்க வேண்டும் என்பதை உடன் செல்லும் ஒருவருக்கும், தனியே செல்பவராயின் விமானப் பணியாளருக்கும் சொல்லிவைப்பது குடும்பத்தாரின் கடமை. பேச இயலாத நிலை வந்தாலும் முதியவருக்குரிய மருந்து உரிய நேரத்தில் கிடைக்க அதுவே வழி செய்யும்.