முதலில் நாற்காலி, பிறகு தோடி!

அந்த நாள் ஊர்வலத்தை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! சாமி சப்பரத்திலே, மிராசுதார் திண்ணையிலே, நாதசுரக்காரர் மட்டும் தெருவிலே, நடந்தபடியே! மேனியிலே சட்டையில்லை, தோளிலே கிடக்கவேண்டிய துண்டு இடுப்பிலே! இசை வேண்டுமாம், இசைப்பவனுக்கு இருக்கை மட்டும் கூடாதாம்! இது என்ன நியாயம்?

கேட்டார் ஒருவர், வாழ்ந்து காட்டிக் கேட்டார்! 1898இல் திருமருகலிலே பிறந்த திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம். குடுமியை வெட்டினார், கோட்டு அணிந்தார், மேடையிலே அமர்ந்து வாசித்தார். ஒத்து இருந்த இடத்திலே தம்புராவை வைத்தார். பாடகருக்கு உள்ள மதிப்பு ஊதுபவருக்கு ஏன் இல்லை என்பதுதான் அதன் பொருள்!

கருவியும் மாறிற்று. குட்டையான திமிரி காதைத் துளைக்கும். நீளத்தைக் கூட்டி, சுருதியைத் தாழ்த்தி, பாரி நாதசுரத்தைக் கடைந்து தந்தார் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி. அந்த உழைப்பாளியின் கை இல்லையேல், ஊரை மயக்கிய தோடி ஏது? அவ்வூர் நாதசுரத்துக்கு 2022இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது!

1947 ஆகஸ்டில் தில்லி விடுதலை விழாவிலே ஒலித்தது இராசரத்தினத்தின் நாதசுரம். 1956இல் அவர் மறைந்தார். அவர் கேட்ட கேள்வி மறைந்ததா?

நம் வீட்டுத் திருமணத்திலே கெட்டிமேளம் கேட்கிறோம். வாசித்தவர் பந்தியிலே எப்போது அமர்ந்தார் என்று பார்த்தோமா? பேசிய கூலியைப் பேரமின்றிக் கொடுத்தோமா?

தோழர்களே, முதலில் நாற்காலி போடுங்கள். பிறகு தோடி கேளுங்கள்!