குழலுக்குள் எட்டிப் பார்ப்பவர்கள்

1863 ஜூலை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டை ஓய்ந்தபின், களத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். 27,000-க்கும் மேல் தேறின. அவற்றில் சுமார் 24,000 துப்பாக்கிகள் மருந்து கெட்டித்தபடியே சுடாமல் கிடந்தன. பலவற்றில் ஒரு குண்டின் மேல் இன்னொரு குண்டு. ஒன்றில் மட்டும் 23! சண்டையின் அமளியில், சுட்டுவிட்டதாக நினைத்து மேலும் மேலும் கெட்டித்துக்கொண்டே இருந்திருக்கிறார் அந்தச் சிப்பாய்.

பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் பரிசோதிப்பவர்கள், குழலுக்குள் இன்னும் மருந்து கெட்டித்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி என்றால், ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்துப் பிடிப்பார்கள். குச்சியின் நுனி, பக்கவாட்டில் உள்ள தீத்துளை வரை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. கறுப்பு மருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் தீப்பற்றும்.

பின்பக்கம் தோட்டா போடும் ரைஃபிள்களில் இந்தத் தொல்லை குறைவு. நம்மூரில் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று அழைக்கப்படும் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொள்வோம். உத்தரப் பிரதேசக் காவல்துறை இதற்கு விடை கொடுத்ததே 2020-இல்தான். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, போல்ட்டைப் பின்னால் இழுத்து, அதன் தலையை மேலே தூக்கினால் முழுதாகக் கழன்று வந்துவிடும். அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தைச் சாய்த்து வைத்து, அதன்மேல் வெளிச்சம் பட விட்டு, வாய்ப்பக்கமிருந்து பார்க்க வேண்டும். ஐந்து பள்ளங்கள் இடப்பக்கமாகச் சுருண்டு செல்வது தெரியும். பத்து அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. குண்டைச் சுழலவைத்து நேராகப் பறக்கச் செய்வது இந்தச் சுருள்தான்.

பெரும்பாலும் முதல் பார்வையில் இருட்டுதான் தெரியும். அதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. பல பத்தாண்டுக் கிரீஸ், கரி, குண்டின் மேலுறை விட்டுச்சென்ற உலோகப் படிவு எல்லாவற்றையும் கழுவி எடுத்தபின்தான் இரும்பின் முகம் தெரியும்.

கழுவிய பின்னும் அம்மைத் தழும்புபோலக் குழிகள் தெரிந்தால், குற்றவாளி பெரும்பாலும் உப்பு. அக்காலத் தோட்டாவின் அடியில், தீப்பொறி கிளப்ப வைத்த கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடாகிக் குழலில் படியும். சமையல் உப்பின் நெருங்கிய உறவு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெயில் அது கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றினார்கள். சோம்பேறித்தனத்தால் எண்ணெய் மட்டும் போட்டவரின் ரைஃபிள் இன்றும் அவரைக் காட்டிக்கொடுக்கிறது.

குழிகளைவிட முக்கியம், குழலின் இரு முனைகள். தோட்டா அறையை ஒட்டிய தொண்டைப் பகுதியைச் சூடான வாயு தின்றுவிடும். லீ-என்ஃபீல்டுக்கு முன்னோடியாக 1888-இல் வந்த லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளில் பள்ளங்கள் ஏழு; ஆழமில்லாதவை, விளிம்பு மழுங்கியவை. கறுப்பு மருந்துக்கு அது போதுமானதாக இருந்தது. கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்ததும், அதன் வெப்பத்தில் அந்தப் பள்ளங்கள் சீக்கிரமே தேய்ந்தன. ஆழமான ஐந்து பள்ளங்களோடு 1895-இல் லீ-என்ஃபீல்டு பிறந்தது இதனால்தான்.

வாய்முனையை அழித்தது எதிரி அல்ல, துப்புரவு! ரைஃபிளின் கட்டையடியில் பித்தளை மூடிக்குள் ஓர் எண்ணெய்ப் புட்டியும், நுனியில் பித்தளை எடை கட்டிய கயிறும் இருக்கும். துணியைச் செருகிக் கயிற்றை இழுக்கும்போது ஒரே பக்கம் உரசி உரசி, வட்டமான வாய் முட்டை வடிவமாகும். இதைக் கண்டுபிடிக்க, மருந்தில்லாத ஒரு தோட்டாவைத் தலைகீழாக வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்கள். குண்டு பாதியிலேயே நின்றால் நல்லது. பித்தளைக் கூடு வாயில் முட்டும்வரை இறங்கினால் தேய்மானம் அதிகம்.

இந்தச் சோதனையும் ஏமாற்றும். தேய்ந்த மொசின்-நாகன்ட் ரைஃபிள்களைச் செப்பனிட்டபோது, வாய்முனையைச் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு அகலமாகக் குடைந்துவிட்டார்கள். அதில் குண்டு முழுதாக இறங்கும். ஆனால் பள்ளங்கள் உள்ளே தள்ளி, கூர்மையாகத் தொடங்கும். ரைஃபிள் ஒழுங்காகவே சுடும்.

இரண்டாம் உலகப் போரின் அவசரத்தில், நான்காம் எண் லீ-என்ஃபீல்டுக்கு இரண்டே பள்ளங்களோடு குழல்கள் செய்தார்கள். மீதி தேய்ந்துபோனதென்று நினைத்து இதைக் கழிப்பவர்கள் உண்டு. ஐந்து பள்ளக் குழலுக்கு அது பெரிதாகச் சளைத்ததல்ல.

மன்னிக்க முடியாத குறை ஒன்றுதான். பளபளக்கும் குழலின் நடுவே கறுப்பாக ஒரு வளையம் தெரிந்தால், எப்போதோ சேறோ மறந்த துணியோ அடைத்திருக்கும்போது சுட்டிருக்கிறார்கள், இரும்பு உப்பியிருக்கிறது என்று பொருள். வெளிப்புறத்தை விரலால் தடவினால் மேடு தட்டுப்படலாம், தட்டுப்படாமலும் போகலாம். குழிவிழுந்து கறுத்த குழலைக்கூட, பள்ளங்களின் விளிம்பு கூராக இருந்தால் பேரம் பேசி வாங்கலாம். வளையம் விழுந்ததைச் சுவரில் மாட்டலாமே தவிர, சுடக் கூடாது.